மைக்ரோபிப்பெட்டைச் சரியாகக் கையாள்வது எப்படி: லேப் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்துச் சின்ன லேப்களுக்கு டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்த பிள்ளைகள் வருஷா வருஷம் வேலைக்கு வருகிறார்கள். செமி ஆட்டோ அனலைசரை இயக்கச் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். ரிப்போர்ட் அடிப்பதும் வந்துவிடும். திணறுவது பிப்பெட்டில்தான், அதாவது மைக்ரோலிட்டர் (ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் திரவத்தை அளந்து எடுக்கும் கைக்கருவியில். "இன்னாக்கா, ஒரே சீரம், ரெண்டு தடவை போட்டா ரெண்டு ரீடிங் வருது?" என்று கேட்காத புதியவர் இல்லை. (சீரம் என்றால் ரத்தம் உறைந்த பின் மேலே பிரியும் தெளிந்த நீர்.) மெஷின் மேல் சந்தேகம் வரும், கிட் மேல் சந்தேகம் வரும். தன் கட்டைவிரல் மேல் சந்தேகம் கடைசியில்தான் வரும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மைக்ரோபிப்பெட்டுக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அது திரவத்தைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் காற்று நிற்கிறது. பிஸ்டன் மேலே போனால் காற்றும் கூடவே மேலே போகும், அந்த இடத்துக்குத் திரவம் ஏறும். அந்தக் காற்று சூடானாலும், கசிந்தாலும், ஈரம் குறைந்தாலும் டிப்புக்குள் (பிப்பெட்டின் முனையில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் குழாய்) வரும் அளவு மாறும். கீழே வரும் பாதி விதிகளுக்குக் காரணம் இந்தக் காற்றுதான்.

1. மேசையில் முதலில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்

கிளவுஸ், டிப் பெட்டி, டெஸ்ட் டியூப் ரேக், மார்க்கர், டிஷ்யூ, டிப் போடும் டப்பா, கடிகாரம் அல்லது டைமர். இவை எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டிப்பில் திரவத்தை வைத்துக்கொண்டு டியூபைத் தேடினால், அதற்குள் டிப்பின் முனையில் ஒரு சொட்டு தொங்க ஆரம்பித்துவிடும்.

டியூபில் எழுதிவிட்டுத்தான் பிப்பெட்டைத் தொட வேண்டும். பிளாங்க் (சாம்பிள் சேர்க்காதது), ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த கரைசல்), அப்புறம் நோயாளிகளின் எண்கள். ஊற்றிய பிறகு எழுதலாம் என்று விட்டால், நிறமில்லாத நான்கு டியூபுகள் வரிசையாக நிற்கும்போது எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் வெறும் வயிற்று சாம்பிளோடு கூட்டம் நிற்கும் நேரத்தில்தான் இந்தக் குழப்பம் வரும்.

2. அளவுக்கு ஏற்ற பிப்பெட்டை எடுங்கள்

ஒரு பிப்பெட் 10 முதல் 100 மைக்ரோலிட்டர் வரை எடுக்கும் என்று போட்டிருக்கும். அதனால் 10 மைக்ரோலிட்டருக்கும் அதையே எடுக்கலாம் என்று தோன்றும். எடுக்கலாம்தான், ஆனால் வேறு பிப்பெட் இருந்தால் எடுக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 8655 தரத்தின்படி 100 மைக்ரோலிட்டர் பிப்பெட் முழு அளவில் 0.8 மைக்ரோலிட்டர் வரை தவறலாம். 100-இல் அது 0.8 சதவீதம், பெரிய விஷயமில்லை. அதே 0.8 மைக்ரோலிட்டர் 10-இல் தவறினால் 8 சதவீதம். 10 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கு அனுமதிக்கும் தவறோ 0.12 மைக்ரோலிட்டர்தான், அதாவது 1.2 சதவீதம். அதனால் எடுக்க வேண்டிய அளவு எந்தப் பிப்பெட்டின் மேல் பாதியில் வருகிறதோ அதை எடுங்கள். 10 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு 10 அல்லது 20 பிப்பெட். 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்டுக்கு (சாம்பிளோடு கலக்கும் வேதிக் கரைசல்) 1000 பிப்பெட்.

சில லேப்களில் அளவை மாற்ற முடியாத பிப்பெட் வைத்திருப்பார்கள், 10-க்கு ஒன்று, 1000-க்கு ஒன்று என்று. புதியவர்களுக்கு அதுவே நல்லது. அளவு வைப்பதில் வரும் தவறு அங்கே இல்லவே இல்லை.

3. அளவை வையுங்கள், படித்தும் பாருங்கள்

மூன்று இலக்கம் மட்டும் காட்டும் பழைய வகைப் பிப்பெட்டில் பெரும் குழப்பம் வருவது இங்கேதான். ஜன்னலில் 1, 0, 0 என்று தெரிகிறது. 20 மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் அதற்கு 10.0 மைக்ரோலிட்டர் என்று பொருள், கடைசி இலக்கம் தசமம். 200 பிப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர். 1000 பிப்பெட்டில் 1000 மைக்ரோலிட்டர். ஒரே எண், மூன்று அளவு. தசமமும் ஆயிரமும் வேறு நிறத்தில் இருக்கும், கண்ணை அங்கே வையுங்கள். 750 மைக்ரோலிட்டர் வேண்டுமென்றால் 1000 பிப்பெட்டில் 0, 7, 5 என்று வர வேண்டும்.

அளவைக் குறைக்கும்போது மெதுவாகத் திருகி எண்ணுக்கு வந்து நில்லுங்கள். கூட்டும்போது எண்ணைக் கொஞ்சம் தாண்டிப் போய், அதாவது மூன்றில் ஒரு சுற்று தாண்டி, பிறகு கீழே இறங்கி எண்ணுக்கு வாருங்கள். உள்ளே இருக்கும் திருகின் பற்களுக்கு நடுவில் மிக லேசான இடைவெளி உண்டு. எப்போதும் மேலிருந்து கீழே வந்து நிறுத்தினால் அந்த இடைவெளி ஒரே பக்கம் விழும், அளவு ஒவ்வொரு முறையும் ஒன்றாக வரும்.

பிப்பெட்டில் எழுதியிருக்கும் அதிக அளவைத் தாண்டித் திருகவே கூடாது. கொஞ்சம் தாண்டினாலும் சுற்றும், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடுவார்கள். அளவுமானி அதோடு நிலை மாறிவிடும், பிறகு எந்த எண் வைத்தாலும் நம்ப முடியாது.

4. டிப்பை அழுத்தி மாட்டுங்கள், குத்தாதீர்கள்

வழக்கமாக மஞ்சள் டிப் 200 வரைக்கும், நீல டிப் 1000 வரைக்கும், சின்ன வெள்ளை டிப் 10-க்கும். பெட்டியில் இருக்கும் டிப்புக்குள் பிப்பெட்டின் முனையை நேராக இறக்கி, லேசாக அழுத்தி, ஒரு சின்னத் திருகு திருகினால் போதும். டொக் டொக் என்று பெட்டியை உடைப்பது மாதிரி குத்தினால் பிப்பெட்டின் முனை தேயும், பிறகு எந்த டிப்பும் இறுக்கமாக உட்காராது.

மாட்டிய டிப் நேராக நிற்கிறதா, சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்து நின்றால் ஓரத்தில் காற்று நுழையும். விலை குறைவென்று வாங்கிய டிப்பில் சிலது எந்தப் பிப்பெட்டுக்கும் சரியாகப் பொருந்தாது. அந்தப் பாக்கெட்டை ஒதுக்கிவிடுங்கள், அதை வைத்து மிச்சம் பிடிக்கும் காசு ஒரு டெஸ்ட்டைத் திரும்பப் போடுவதிலேயே போய்விடும்.

டிப்பின் கீழ் முனையைக் கையால் தொடக் கூடாது. டிப்பைக் கழுவி மறுபடி உபயோகிப்பதை விட்டுவிடுங்கள். முந்தின சீரம் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

5. ரீஏஜென்ட்டை அறைச் சூட்டுக்கு வர விடுங்கள்

கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஏ.சி. இல்லாத லேபில் உள்ளேயும் அனல்தான். ரீஏஜென்ட் பாட்டிலோ ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கும். வெளியே எடுத்த கையோடு பிப்பெட் செய்தால், டிப்புக்குள் இருக்கும் சூடான காற்று குளிர்ந்த திரவத்தைத் தொட்டுச் சுருங்கும், வைத்த அளவைவிடக் கூடுதலாகத் திரவம் ஏறும். சூடான திரவத்தில் இது தலைகீழாக நடக்கும், அளவு குறையும்.

அதனால் அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் ஒரு சுத்தமான டியூபில் தனியாக ஊற்றி வெளியே வையுங்கள், பாட்டிலை உடனே ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். பாட்டிலையே மேசையில் வைத்துவிட்டு மதியம் வரை மறந்தால் ரீஏஜென்ட் நிறம் மாறத் தொடங்கும், பிளாங்க் ரீடிங் ஏறும். தனியாக ஊற்றியதில் மிச்சமானதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது.

பிப்பெட்டையும் சும்மா கையில் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். உள்ளங்கைச் சூடு உள்ளே இருக்கும் காற்றுக்குப் போகும். வேலை இல்லாத நேரம் அது ஸ்டாண்டில் தொங்கட்டும்.

6. டிப்பை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள்

புது டிப்பில் முதல் தடவை எடுக்கும் அளவும் மூன்றாவது தடவை எடுக்கும் அளவும் ஒன்றாக இருக்காது. உள்ளே காய்ந்த காற்று இருப்பதால் முதல் தடவை ஏறும் திரவத்தில் துளி ஆவியாகி அந்தக் காற்றில் கலக்கிறது. அதோடு திரவத்தில் கொஞ்சம் உள்சுவரில் படலமாக ஒட்டுகிறது. எடுக்கப்போகும் அதே திரவத்தை இரண்டு மூன்று தடவை உறிஞ்சி அங்கேயே விட்டால் காற்றும் ஈரமாகிவிடும், சுவரும் நனைந்துவிடும். ஃபேன் காற்றில் திரவம் சீக்கிரம் ஆவியாகும், ஏ.சி. காற்று வறண்டது என்பதால் இந்தப் படியை அங்கே விடவே கூடாது.

ஒரு விதிவிலக்கு. குளிர்ந்தோ சூடாகவோ இருக்கும் திரவத்தை அப்படியே எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் நனைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் புது டிப், தயங்காமல் எடுத்து உடனே விடுவது.

7. உறிஞ்சுவது: தவறுகள் அதிகம் நடக்கும் இடம்

பிப்பெட்டின் தலையில் கட்டைவிரலுக்கென்று இருக்கும் நாபை மேலிருந்து அழுத்துங்கள். ஓரிடத்தில் விரலுக்குத் தடை தெரியும். அதுதான் ஃபர்ஸ்ட் ஸ்டாப். அதற்கு மேலும் பலமாக அழுத்தினால் இன்னும் கொஞ்சம் இறங்கி நிற்கும், அது செகண்ட் ஸ்டாப். ஃபர்ஸ்ட் ஸ்டாப் வரைக்கும் உள்ள தூரம்தான் நீங்கள் வைத்த அளவு. அதற்குக் கீழே உள்ள தூரம் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளுவதற்கு மட்டும்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: செகண்ட் ஸ்டாப் வரை அழுத்திவிட்டு உறிஞ்சுவது. 10 மைக்ரோலிட்டர் என்று நினைத்து 12, 13 எடுத்துவிடுகிறார்கள். ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே என்று விரல் நிற்பதால் ரீடிங் தாறுமாறாக வரும். திரவமே இல்லாமல் பிப்பெட்டைக் கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடைகளையும் விரல் தனித்தனியாக உணரும் வரை அழுத்திப் பழகுங்கள். விரலுக்குத் தெரியாத வரைக்கும் சாம்பிளைத் தொட வேண்டாம்.

அடுத்தது வரிசை. திரவத்துக்கு வெளியே இருக்கும்போதே ஃபர்ஸ்ட் ஸ்டாப் வரை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு டிப்பை உள்ளே இறக்க வேண்டும். உள்ளே இறக்கிவிட்டு அழுத்தினால் காற்று திரவத்துக்குள் குமிழியாகப் போகும், அந்தக் குமிழி திரும்ப டிப்புக்குள் ஏறும். சீரத்தில் நுரை வரும்.

பிப்பெட்டை நேராகப் பிடியுங்கள். 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. சாய்த்தால் டிப்பில் நிற்கும் திரவத்தின் உயரம் குறையும், காற்றின் மேல் அதன் இழுப்பு மாறும், அளவு கூடும். டிப்பின் முனை திரவத்துக்குள் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. சின்ன அளவுகளுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர், 1000-க்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். நோயாளியின் டியூபில் டிப்பைப் பாதி வரை முக்கினால் வெளிப்பக்கம் ஒட்டிய சீரமும் சேர்ந்து வரும். மேலோட்டமாக வைத்தால் உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கி, கடைசியில் காற்று ஏறும்.

இப்போது கட்டைவிரலை மெதுவாக, ஒரே சீராக விடுங்கள். சட்டென்று விட்டால் திரவம் மேலே தெறித்துப் பிப்பெட்டின் உட்புறத்தைத் தொடும், அதுதான் பிப்பெட் கெடும் வழி. முழுசாக விட்ட பிறகும் ஒரு நொடி டிப்பை உள்ளேயே வைத்திருங்கள். 1000 மைக்ரோலிட்டரில் இது கட்டாயம், ஏனென்றால் விரல் நின்ற பிறகும் திரவம் சிறிது நேரம் ஏறிக்கொண்டிருக்கும்.

வெளியே எடுத்ததும் வெளிச்சத்தில் டிப்பைப் பாருங்கள். அடியில் காற்றுக் குமிழி இருக்கிறதா, நடுவில் இழை மாதிரி ஏதாவது தெரிகிறதா? இருந்தால் அதை விட்டுவிட்டுப் புது டிப்பில் மறுபடி எடுங்கள். கண் அந்த டிப்பில் திரவம் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதைச் சில நாளில் பழகிக்கொள்ளும். ஒரே அளவை ஐந்து டிப்பில் எடுத்தால் ஐந்திலும் ஒரே உயரம் தெரிய வேண்டும்.

8. வெளிப்பக்கத்தைத் துடைப்பது

ரத்தம் எடுத்தால் கட்டாயம் துடைக்க வேண்டும். சீரத்தில், வெளியே சொட்டு தெரிந்தால் மட்டும். டிஷ்யூவால் டிப்பின் பக்கவாட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை. முனையின் ஓட்டையை டிஷ்யூ தொடக் கூடாது. தொட்டால் உள்ளே இருப்பதைத் தாள் உறிஞ்சிவிடும், 10 மைக்ரோலிட்டரில் 1 போனாலும் பத்து சதவீதம் போனது.

9. விடுவது: கட்டைவிரலை எப்போது எடுப்பது என்பதே விஷயம்

டிப்பை டியூபின் உள்சுவரில் சாய்வாகத் தொட வையுங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டாப் வரை மெதுவாக அழுத்துங்கள். ஒரு நொடி நில்லுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும் படலம் கீழே இறங்கட்டும். பிறகு செகண்ட் ஸ்டாப் வரை அழுத்துங்கள், கடைசிச் சொட்டும் போய்விடும்.

இனிதான் கவனம். விரலை எடுக்காமல், அழுத்தியபடியே, டிப்பைச் சுவரோடு உரசி மேலே கொண்டுவாருங்கள். டிப் டியூபை விட்டு வெளியே வந்த பிறகுதான் விரலை விட வேண்டும். உள்ளே இருக்கும்போதே விரலை விட்டால், இப்போதுதான் ஊற்றியதில் கொஞ்சத்தை டிப் திரும்பக் குடித்துவிடும். மேலே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சொட்டு விழட்டும் என்று விடுவதும் தவறுதான். 10 மைக்ரோலிட்டர் சொட்டாக விழாது, டிப்பின் முனையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உதறி விழ வைக்கப் பார்ப்பார்கள், அது மேசையில் விழும்.

சின்ன அளவு சாம்பிளை ஏற்கெனவே ஊற்றிய ரீஏஜென்ட்டுக்குள் முனையை லேசாக இறக்கி விடலாம். அதே ரீஏஜென்ட்டை இரண்டு மூன்று தடவை டிப்புக்குள் ஏற்றி இறக்கி அலசலாம். டிப்பில் ஒட்டியிருக்கும் படலமும் வந்துவிடும் என்பதால் சீரத்துக்கும் ரத்தத்துக்கும் இந்த முறையை நான் விரும்புகிறேன். ஒரு நிபந்தனை: அலசினால் ஸ்டாண்டர்டுக்கும் அலச வேண்டும், டெஸ்ட்டுக்கும் அலச வேண்டும். ஒன்றுக்குச் சுவரில் விட்டு, இன்னொன்றுக்கு அலசினால் இரண்டும் வேறு வேறு அளவு. ரீஏஜென்ட்டைத் தொட்ட டிப்பை அடுத்த சாம்பிளுக்குள் விடவே கூடாது.

10. கெட்டியான, நுரைக்கும் திரவத்துக்குத் தலைகீழ் முறை

கண்ட்ரோல் சீரம், புரதம் அதிகமுள்ள திரவம், சோப்பு கலந்த ரீஏஜென்ட், இவை கடைசியில் ஊதினால் நுரைக்கும். இங்கே வரிசையை மாற்றலாம். உறிஞ்சும்போது செகண்ட் ஸ்டாப் வரை அழுத்தி உறிஞ்சுங்கள். விடும்போது ஃபர்ஸ்ட் ஸ்டாப் வரை மட்டும் அழுத்துங்கள். டிப்பில் கொஞ்சம் மிஞ்சும், அது கணக்கில் சேராதது, டிப்போடு தூக்கிப் போடுங்கள்.

இந்த முறையில் அலசக் கூடாது. அலசினால் மிஞ்ச வேண்டியதும் உள்ளே போய்விடும். முந்தின முறை விரலுக்கு முழுசாகப் பழகிய பிறகே இதற்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டவர்கள் எது எதற்கு என்று குழம்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

11. ஒரு சர்க்கரை டெஸ்ட்டை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

ஜி.ஓ.டி. பி.ஓ.டி. முறையில் (என்சைமை வைத்துச் சர்க்கரையை அளக்கும் முறை) பெரும்பாலான கிட்டுகளுக்கு 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட், 10 மைக்ரோலிட்டர் சாம்பிள். உங்கள் கிட்டின் தாளில் வேறு அளவு இருந்தால் தாள் சொல்வதே சரி.

பிளாங்க், ஸ்டாண்டர்ட், டெஸ்ட் என்ற மூன்று டியூபிலும் முதலில் ரீஏஜென்ட். ஒரே டிப்பில் மூன்றுக்கும் ஊற்றலாம், ஏனென்றால் ஒரே திரவம், டிப் வேறு எதையும் தொடவில்லை. ரீஏஜென்ட்டை முதலில் ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. வெறும் டியூபின் அடியில் விட்ட 10 மைக்ரோலிட்டர் சீரம் இந்த ஊர் வெயிலில் காயத் தொடங்கும், டியூபின் வளைவில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ஸ்டாண்டர்ட் டியூபில் 10 மைக்ரோலிட்டர் ஸ்டாண்டர்ட், புது டிப். டெஸ்ட் டியூபில் 10 மைக்ரோலிட்டர் சாம்பிள், இன்னொரு புது டிப். பிளாங்கில் சாம்பிள் இல்லை. நன்றாகக் கலக்கி 37 டிகிரியில் கிட் சொல்லும் நேரம் வைத்து, 505 நானோமீட்டரில் ரீடிங் எடுங்கள். டெஸ்ட் ரீடிங்கை ஸ்டாண்டர்ட் ரீடிங்கால் வகுத்து, ஸ்டாண்டர்டின் அளவால், வழக்கமாக 100-ஆல், பெருக்கினால் சர்க்கரை அளவு.

இப்போது பிப்பெட்டின் பங்கைப் பாருங்கள். நோயாளியின் உண்மையான அளவு 132. டெஸ்ட்டில் மட்டும் 10-க்குப் பதில் 9 மைக்ரோலிட்டர் போயிருந்தால் ரிப்போர்ட்டில் 119 வரும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்று டாக்டர் பார்ப்பார். 132 வந்த மனிதருக்கு வைத்தியம் தொடங்கும், 119 வந்தால் சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பக்கூடும். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து மலையடியிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவருக்கு நாம் கொடுக்கும் எண் அது.

பிப்பெட் ஸ்டாண்டர்டிலும் 9, டெஸ்ட்டிலும் 9 எடுத்தால் இரண்டு தவறும் ஒன்றையொன்று தின்றுவிடும், பதில் சரியாகவே வரும். அதனால் சர்க்கரை, யூரியா போன்ற டெஸ்ட்டில் அச்சு அசலாக 10 எடுப்பதைவிட, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவை எடுப்பது முக்கியம். ஆனால் ஸ்டாண்டர்ட் போடாமல் மெஷினில் சேமித்து வைத்த ஃபேக்டரை (பெருக்கும் எண்) வைத்துக் கணக்குப் போடும் டெஸ்ட்டுகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அந்த வகை. அங்கே 10-க்கு 9 என்றால் பத்து சதவீதம் குறைவு, அவ்வளவுதான்.

ஹீமோகுளோபினுக்கு 20 மைக்ரோலிட்டர் ரத்தம், 5 மில்லி ட்ராப்கின்ஸ் ரீஏஜென்ட், 540 நானோமீட்டர். எடுக்கும் முன் இ.டி.டி.ஏ. டியூபை (ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்டது) எட்டு, பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். செல்கள் அடியில் தங்கிவிட்ட டியூபில் மேலே இருந்து எடுத்தால் ஹீமோகுளோபின் குறைவாக வரும், அதற்குப் பிப்பெட் மேல் பழி விழும். டிப்பைத் துடையுங்கள், பிறகு அலசுங்கள். ட்ராப்கின்ஸில் சயனைடு இருக்கிறது. அது ஆசிட் ஊற்றும் பாத்திரத்தில் சேரவே கூடாது.

சீரம் எடுக்கும்போது டிப் இரத்தக்கட்டிக்கு மேலேயே நிற்கட்டும். ரத்தம் முழுசாக உறையும் முன் சென்ட்ரிஃபியூஜில் போட்டால் சீரத்தில் நார் மிதக்கும், அது டிப்பை அடைக்கும். அரை மணி நேரம் உறைய விடுவது வீண் நேரம் அல்ல.

12. கண்ணாடிப் பிப்பெட் பற்றிக் கொஞ்சம்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கழிவுநீரைச் சோதிக்கும் லேப்புக்குப் போகிறவர்கள் 10 மில்லி, 25 மில்லி கண்ணாடிப் பிப்பெட்டை அதிகம் பிடிப்பார்கள். வாயால் உறிஞ்சாதீர்கள், தண்ணீரைக்கூட. கழிவுநீரின் மாசை அளக்கும் சி.ஓ.டி. டெஸ்ட்டில் கையாள்வது சல்ஃபூரிக் ஆசிடும் டைகுரோமேட்டும். ரப்பர் பல்ப் இல்லாத லேபில் அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, வெளிப்பக்கம் துடைத்து, கண்ணைக் கோட்டின் நேருக்குக் கொண்டுவந்து, திரவத்தின் வளைவில் அடிப்பகுதி கோட்டைத் தொடும் வரை இறக்குங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு அளவு, கீழிருந்து பார்த்தால் ஒரு அளவு தெரியும். நடுவில் குமிழ் உள்ள பிப்பெட்டின் முனையில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊத வேண்டாம், அதைக் கழித்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். வாய்ப்பக்கத்தில் இரட்டை வளையம் போட்டிருக்கும் பிப்பெட்டில் மட்டும் ஊதித் தள்ள வேண்டும்.

13. டிப்பைக் கழற்றுவது

கழற்றும் பட்டனை அழுத்தி, டிப் நேராக டப்பாவுக்குள் விழ வேண்டும். கையால் பிடுங்காதீர்கள். டப்பாவில் ஹைப்போகுளோரைட் கரைசல் இருக்கட்டும், தினமும் காலையில் புதிதாகக் கலக்கியது. வெயிலில் நேற்றைய கரைசலின் வீரியம் போயிருக்கும். பிறகு டிப்புகள் சிவப்புப் பைக்குப் போகும். ஊசி அந்தப் பையில் போகக் கூடாது, அதற்கு வெள்ளை டப்பா. 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்வதும் அதுதான், கழிவு எடுக்க வருபவரின் கையைக் காப்பாற்றுவதும் அதுதான்.

14. பிப்பெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மூன்று வழிகள்

தினமும் செய்ய வேண்டியது கசிவுச் சோதனை. முழு அளவு தண்ணீரை எடுத்து, பிப்பெட்டை நேராகப் பிடித்து 15 நொடி பாருங்கள். முனையில் சொட்டு திரண்டால் காற்று எங்கோ கசிகிறது. முதலில் வேறு டிப் மாட்டிப் பாருங்கள். அப்போதும் திரண்டால் உள்ளே ஓ ரிங் (ரப்பர் வளையம்) அல்லது சீல் போயிருக்கிறது. அந்தப் பிப்பெட்டில் ஒரு காகிதத்தை ஒட்டி ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதையே எடுப்பார்.

விரலைச் சோதிக்க ஒரு நல்ல வழி இது. தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்துகொள்ளுங்கள். 20 பிப்பெட்டில் 10 மைக்ரோலிட்டரைப் பத்து தடவை ஒரு சின்னக் கூம்பு டியூபில் விடுங்கள். பிறகு 200 பிப்பெட்டை 100-இல் வைத்து முழுவதையும் உறிஞ்சுங்கள். டியூபில் மிச்சம் நின்றால் நீங்கள் கூடுதலாக விட்டிருக்கிறீர்கள். டிப்பின் அடியில் காற்று ஏறினால் குறைவாக விட்டிருக்கிறீர்கள். புதியவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான். செகண்ட் ஸ்டாப்பில் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இதில் மறைக்க முடியாது, நிறத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, எடை பார்ப்பது. நான்கு தசமம் காட்டும் தராசில், ஃபேனை நிறுத்திவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரை எடை பாருங்கள். 1000 மைக்ரோலிட்டர் என்றால் அப்படியே 1 கிராம் என்று எதிர்பார்க்காதீர்கள். 25 டிகிரியில் ஏறக்குறைய 0.996 கிராம், 30 டிகிரியில் 0.9946 கிராம் வரும். தண்ணீரின் அடர்த்தி சூட்டில் குறைகிறது, காற்றின் மிதப்பும் கொஞ்சம் கழிக்கிறது. இந்தக் கணக்கு தெரியாமல், சரியாக இருக்கும் பிப்பெட்டைத் திருகிக் கெடுத்தவர்கள் உண்டு. பத்து தடவை எடை எழுதிச் சராசரி பாருங்கள். 1000 பிப்பெட்டுக்கு 8 மைக்ரோலிட்டர் வரை தவறு அனுமதி. 10 மைக்ரோலிட்டரை இந்தத் தராசில் ஒற்றையாக எடை பார்ப்பதில் பயனில்லை, தராசின் கடைசி இலக்கமே 0.1 மைக்ரோலிட்டருக்குச் சமம். அதைக் கேலிப்ரேஷன் செய்பவரிடம் வருடத்துக்கு ஒருமுறை கொடுத்துச் சான்றிதழோடு வாங்குங்கள்.

15. உள்ளே திரவம் போய்விட்டால்

டிப்பில் திரவம் இருக்கும்போது பிப்பெட்டைப் படுக்க வைத்தாலோ, கவிழ்த்துப் பிடித்தாலோ, விரலைச் சட்டென்று விட்டாலோ திரவம் பிஸ்டன் வரை போகும். சீரம் என்றால் காய்ந்து ஒட்டும், ஆசிட் என்றால் அரிக்கும். மூடி மறைக்காமல் உடனே சீனியரிடம் சொல்லுங்கள், காயும் முன் கழுவினால் பிப்பெட் பிழைக்கும்.

அளவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, கம்பெனி கொடுத்த தாளில் உள்ளபடி கீழ்ப்பாகத்தைக் கழற்றுங்கள். ஸ்பிரிங், சீல், ஓ ரிங் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் ஒரு வெள்ளைத் துணியில் அடுக்குங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். பிஸ்டனில் கிரீஸ் தேவைப்படும் மாடலாக இருந்தால், அந்தக் கம்பெனியின் கிரீஸ் மட்டும், மெல்லிய பூச்சாக. திரும்பப் பூட்டியதும் கசிவுச் சோதனையும் எடைச் சோதனையும் செய்யுங்கள். இரண்டும் சரியாக வந்த பிறகே அது நோயாளி சாம்பிளுக்குப் போகலாம்.

பிஸ்டனில் கீறல் தெரிந்தாலோ துரு தெரிந்தாலோ தேய்த்துப் பார்க்க வேண்டாம். அதை மாற்றித்தான் ஆக வேண்டும், சர்வீசுக்கு அனுப்புங்கள்.